நேற்று வந்த பேட்டரி

பாப் லூக் சந்தில் உஸ்தாத் வக்தியின் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. கைக்கடிகாரமும் பேட்டரியும் விற்கிறேன். அவர் எதை விற்றுப் பிழைக்கிறார் என்பது பதினெட்டு வருஷமாக எனக்குப் பிடிபடவில்லை. கால் நூற்றாண்டுக்கு முந்திய கையடக்கக் கணினிகள், அவற்றை ஓட்டும் புரோகிராம்கள், டிரைவர்கள். எல்லாம் மெமரி கார்டுகளில், பென்சிலால் பேரெழுதி, பிஸ்கட் டின்களில் இருக்கும். அந்தக் கணினிகளில் அரபி எழுத்தைக் கொண்டுவரும் டிரைவர் கெய்ரோவில் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

"செத்ததுக்கெல்லாம் சோறு ஊட்டுறீங்களே, உஸ்தாத்!"

"நின்னுபோன கடிகாரத்த விக்கிறவன் பேச்சப் பாரு!"

போன மார்ச்சில் மதாம் நாஹெத் ஒரு கணினியோடு வந்தார். அவர் தம்பிக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல் போனபின் நாலு மாதம் அதில் தட்டித்தான் பேசினானாம். அக்கா அப்போது குவைத்தில் வேலையில் இருந்தார். அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். யாரோ ஒரு கடைக்காரன் சுத்தம் செய்கிறேன் என்று அரபி டிரைவரை அழித்துவிட்டான். இப்போது திறந்தால் வெறும் கட்டங்கள்.

"எனக்கு ஏதாச்சும் சொல்லியிருப்பான், உஸ்தாத். ஒரு வரிகூட இன்னும் படிக்கல."

"எழுத்து உள்ளதான் இருக்கு மதாம். டிரைவர ஏத்தினா தன்னால வந்துரும்."

டிரைவர் ஏறும்போது சார்ஜ் தீர்ந்தால் காரியம் கெடும். அதனால் பெரிய பேட்டரிகளை முதலில் மாற்றவேண்டும். அவற்றைக் கழற்றும் அந்த ஒரு நிமிஷம், எழுதியதெல்லாம் அழியாமல் காப்பது ஒரு பட்டன் பேட்டரிதான். இருந்த பட்டன் செத்துக் கிடந்தது.

"யா ஷாபான்! பட்டன் ஒண்ணு குடு. புதுசுதான?"

"நேத்துதான் வந்துச்சு, உஸ்தாத்."

நேற்று வரவில்லை. மூன்று வருஷம் ஜன்னல் வெயிலில் காய்ந்த அட்டையில் மிஞ்சிய கடைசி ஒன்று அது. புதுப் பெட்டி பரண்மேல் இருந்தது. ஏணி எடுக்கச் சோம்பல், சாப்பிட வாங்கிய கொஷரி வேறு ஆறிக்கொண்டிருந்தது. மீட்டரில் வைத்துப் பார்க்காமல் எதையும் போடாத மனுஷன், அன்று என் வாயை நம்பினார்.

பட்டனைப் போட்டார். பெரியவற்றைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினார். திரை ஒளிர்ந்தது. கடையில் வாங்கிய முதல் நாள்போல, உரிமையாளர் பெயர் என்ன என்று கேட்டது. வக்தியின் முகம் வெளுத்தது. டிரைவரை ஏற்றினார். அரபி அழகாக வந்தது. படிக்கத்தான் எதுவும் இல்லை.

"என் கைப்பிசகு மதாம். எல்லாம் போச்சு" என்றார்.

நாஹெத் அழவில்லை. பெயர் கேட்ட இடத்தில் தம்பியின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போனார். நான் வாசலில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. கோழைப்பயல் நான்.

அவர் போனபின் வக்தி அந்தப் பட்டனை மீட்டரில் வைத்தார். முள் அசையவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும்.

இன்றும் என்னிடம்தான் பேட்டரி வாங்குகிறார். வரும்போது மீட்டரைக் கையோடு கொண்டுவருகிறார்.