கவருக்குப் பின்னால் ஒரு படம்

எங்கள் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினால் சினிமா யோசனை இலவசம். மாத்திரையை அட்டையோடு வெட்டிச் சின்னக் காகிதக் கவரில் போட்டு, முன்பக்கம் காலை, மதியம், இரவு என்று கோடு போடுவார் என் கணவர். பிறகு கவரைத் திருப்பி, அந்த ஆள் இந்த வாரம் பார்க்க வேண்டிய படத்தின் பெயரை எழுதுவார். "மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம். படம் எப்ப வேணா பாக்கலாம்" என்பார். தெருவே அவரைச் சினிமா டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் நிஜ டாக்டருக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட உண்டு.

எனக்குச் சினிமா பிடிக்காது. முன்பின் தெரியாதவர்களுக்காக இருட்டில் உட்கார்ந்து அழுவது எனக்கு ஒத்துவராத வேலை. கல்யாணமான புதிதில் அவர் ஆசையாகக் கூட்டிக்கொண்டு போன படத்தில் நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். இடைவேளையில் எழுப்பி, "கதை புரியுதா?" என்று கேட்டார். தூங்கியதைக் காட்டிக்கொள்ளாமல், "அந்த மீசைக்காரருக்குக் கல்யாணம் நடந்துச்சா?" என்றேன். "அவன் செத்து ரொம்ப நேரமாச்சு" என்றார். அதற்குப் பிறகு அவர் படத்துக்குப் போனால் நான் வீட்டில் இருப்பேன். கடையில் பில் போடுவது நான், மருந்து எடுப்பது அவர். அதில் மட்டும் நாங்கள் நல்ல ஜோடி.

அவர் வாடிக்கையாளர் யாரையும் பெயரால் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார். படத்தால்தான் வைத்துக்கொள்வார். லாண்டரிக்காரர் என்றால் பேய்ப் படம். அவருக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருந்தது, ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை. "நெஞ்சுல ஆபரேஷன் பண்ணவன் பேய்ப் படம் பாக்கலாமா அண்ணே?" என்று அவர் கேட்டதற்கு, "டாக்டர் உப்பைத்தானே குறைக்கச் சொன்னாரு, பேயை இல்லையே" என்றார் இவர். தையல்காரி என்றால் மருமகள் ஜெயிக்கிற படம், தைராய்டு மாத்திரை. ரிட்டயரான கணக்கு வாத்தியார் என்றால் யாரும் யாரையும் அடிக்காத குடும்பப் படம், சர்க்கரை மாத்திரை. ஆள், படம், மாத்திரை மூன்றும் அவர் தலைக்குள் ஒரே முடிச்சாகக் கிடந்தன. வாத்தியார் படி ஏறும்போதே இவர் கை சரியான அட்டைக்குப் போய்விடும். சீட்டையும் பார்த்துச் சரி பார்ப்பார், ஆனால் கை முந்திக்கொள்ளும்.

வாத்தியாருக்கும் இவருக்கும் தீராத வழக்கு ஒன்று இருந்தது. கடை வாசலில் போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்ததுமே வாத்தியார் ஆரம்பிப்பார்.

"இப்ப எடுக்கறதெல்லாம் ஒரு படமாய்யா? வெட்டறான், குத்தறான், நடுவுல கத்தறான். அதுக்குப் பேரு பாட்டாம். ஒரு வார்த்தை காதுல விழுதா?"

"ஐயா, நீங்க பெரிய பெரிய போஸ்டரைப் பாத்துட்டுப் போறீங்க. சின்னப் படமாப் பாருங்க. ஸ்டார் இருக்க மாட்டான், கதை இருக்கும்."

அப்படித்தான் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்யும் பெண்ணுக்குத் திடீரென்று குரல் போய்விடுகிற படத்தையும், பூட்டு ரிப்பேர் செய்கிறவன் ஒருவன் ஒரு பெரிய வீட்டில் பல வருஷமாகத் திறக்காத அறையைத் திறக்கப் போகிற படத்தையும் அவர் தெரு முழுக்கப் பார்க்க வைத்தார். ஒன்று மட்டும் செய்யமாட்டார். யார் கெஞ்சினாலும் கிளைமாக்ஸைச் சொல்ல மாட்டார். "அது பாவம்" என்பார், திருட்டைப் பற்றிப் பேசுவதுபோல.

முதலில் நடந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தையல்காரி மாத்திரை வாங்க வந்தவள், "என்னண்ணே, பூட்டுக்காரன் படத்துல கடைசியில அந்தப் பொண்ணு மைக்குல பேசும்னு சொன்னீங்க. படம் முழுக்க மைக்கே வரலையே!" என்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே எனக்குள் என்னவோ சறுக்கியது. இவர் கிளைமாக்ஸைச் சொல்லியிருக்கிறார். அதுவும் வேறு படத்து கிளைமாக்ஸை.

அவர் அசரவில்லை. "விடும்மா, இப்ப வர்ற படமெல்லாம் ஒண்ணு மாதிரிதானே இருக்கு. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசம் தெரியுதா என்ன?" என்றார்.

வாத்தியார் பெஞ்சிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். "அப்படி வாய்யா வழிக்கு! இதைத்தானே நான் இத்தனை வருஷமாச் சொல்றேன்!" என்று இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். புதுப் படத்தைப் பழித்தால் வீட்டு விருந்தாளி என்றுகூடப் பார்க்காமல் சண்டைக்குப் போகிற மனுஷன். இவ்வளவு சுலபமாகத் தோற்க மாட்டார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் டிவியில் பூட்டுக்காரன் படத்தைப் போட்டார். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பார்த்த படத்தை மறுபடி பார்ப்பது அவருக்குப் பழக்கம்தான். ஆனால் அவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். பூட்டுக்காரன் சாவியைக் கீழே போடும் இடத்தில் திடுக்கிட்டார். படம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு நல்ல படம் ஏன் இத்தனை நாளா என் கண்ணுல படல? நாளைக்கே கடையில எல்லார்கிட்டயும் சொல்லணும்" என்றார்.

மடித்த துணியைத் திரும்பத் திரும்ப மடித்தேன். படம் மறந்தால் என்ன, யார் குடி கெடப்போகிறது? ஆனால் அவர் கையில் இருப்பது படம் மட்டும் இல்லை. மாத்திரை மாறினால் ஒரு உயிர் போய்விடும்.

மறுநாளிலிருந்து பில் போடுகிற சாக்கில் ஒவ்வொரு கவரையும் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். "என்ன, ஏர்போர்ட்டுல நிக்கிற கஸ்டம்ஸ் மாதிரி ஆயிட்டே?" என்று கிண்டல் செய்தார். நான் ஏதோ கம்பெனி மாறியிருக்கிறது, விலை பார்க்கிறேன் என்று பொய் சொன்னேன். எல்லாம் சரியாகவே இருந்தன. சரியாக இருக்க இருக்க என் பயம் கூடியது. கடையைத் திறக்கும்போதே இன்றைக்கா, இன்றைக்கா என்று மனசு அடித்துக்கொள்ளும். அவரிடம் கேட்கவும் பயம். கேட்டால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு முட்டாள்தனம்.

ஒரு நாள் சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். மொத்த வியாபாரி போனில் பிடித்துக்கொண்டான். அனுப்பாத சரக்கை அனுப்பியதாகச் சாதித்தான். எனக்குக் கோபம் தலைக்கேறி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தேன். பின்னால் இவர் குரல் கேட்டது.

"ஐயா, இந்த வாரம் உங்களுக்குன்னே ஒரு படம் வந்திருக்கு. மாடியில யாருமே இல்ல, ஆனா நாற்காலி இழுக்கற சத்தம் மட்டும் கேக்கும். அப்படியே உறைஞ்சு போயிடுவீங்க."

"நல்ல படம்னு நீ சொன்னா சரிய்யா" என்று வாத்தியார் குரலும் கேட்டது.

அந்தச் சண்டை முடிய அரை மணிக்கு மேல் ஆயிற்று. போனை வைத்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. வாத்தியாருக்குப் பேய்ப் படமா? திரும்பிப் பார்த்தேன். பெஞ்ச் காலி. மேஜைமேல் புதிதாக வெட்டிய அட்டை ஒன்றின் மிச்சம் கிடந்தது. லாண்டரிக்காரருடைய மாத்திரை. சர்க்கரை மாத்திரைப் பெட்டியை இழுத்தேன். யாரும் தொடவில்லை.

வாத்தியார் போன வருஷம்தான் வயிற்றுப் புண் உடைந்து ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ரத்தத்தை உறைய விடாத மாத்திரையை அவர் விழுங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் மருந்துக்கடையில் சும்மாவா உட்கார்ந்திருந்தேன்?

இவர் அடுத்த ஆளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு கவரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"கைய எடுங்க. நான் வர்ற வரைக்கும் யாருக்கும் எதையும் குடுக்காதீங்க!"

அவர் என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்க எனக்கு நேரமில்லை. வாத்தியார் வீட்டுக்குப் போன் அடித்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. செருப்பைத் தேடவும் தோன்றாமல் ஓடினேன். இந்த வயதில், இந்த உடம்போடு, தெரு பார்க்க ஓடினேன். சாப்பிட்டிருப்பாரோ, போட்டிருப்பாரோ என்று அது ஒன்றுதான் மனசில். ஒரு கார்க்காரன் திட்டினான். திருப்பித் திட்டக்கூட எனக்கு மூச்சு இல்லை.

வாத்தியார் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே டிவியில் யாரோ பெண் அலறினாள். அந்தச் சத்தத்தில் போன் மணி யாருக்குக் கேட்கும்? வாத்தியார் சோபாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர் டம்ளர், அதன் பக்கத்தில் எங்கள் கவர். என்னைக் கண்டதும் பொரிந்தார்.

"வாம்மா, வா! உன் வீட்டுக்காரருக்கு என் மேல என்ன கோபம்? ஒரு படமா இது? நாற்காலி நகருதாம், நாங்க பயப்படணுமாம்! வந்த எரிச்சல்ல எனக்குச் சோறே இறங்கல."

"மாத்திரை போட்டீங்களா?"

"சாப்பிட்டாதானேம்மா போடறதுக்கு?"

கவரைப் பிடுங்கினேன். அட்டையில் ஒன்றுகூடக் குறையவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாத்தியார் மனைவி டிவியை அணைத்துவிட்டு ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "மாத்திரை மாறிப்போச்சு ஐயா" என்றேன்.

கவரின் முன்பக்கம் இரவுக்கு மட்டும் கோடு போட்டிருந்தது, லாண்டரிக்காரருக்குப் போடுவதுபோலவே. பின்பக்கம் படத்தின் பெயர், அதே அழகான கையெழுத்தில். ஒரு எழுத்துகூட நடுங்கவில்லை. என்னை மிகவும் பயமுறுத்தியது அதுதான். எழுதும்போது அவருக்குச் சந்தேகமே வந்திருக்கவில்லை.

வாத்தியார் கவரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அன்னிக்கு, எல்லாப் படமும் ஒண்ணுதான்னு என்கிட்ட ஒத்துக்கிட்டாரே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

கடைக்குத் திரும்பியபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. இவர் உள்ளே இல்லை. வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போட்டுட்டாரா?"

"இல்ல."

அவர் அழுதார். சினிமாவில் அழுகிற மாதிரி இல்லை. சத்தம் போட்டு, மூக்கு ஒழுக அழுதார்.

"உங்களுக்கு அப்பவே தெரியும், இல்ல?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளாத் தெரியும். ஒரு படமும் மனசுல நிக்கல. எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லிட்டா யாரும் மேல கேக்க மாட்டாங்கன்னு பாத்தேன். வாத்தியாருக்கும் சந்தோஷம். மருந்து மட்டும் மறக்காதுன்னு நெனச்சேன்மா. படம் போனா போகுது, மருந்து எப்படிப் போகும்?"

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?"

"சொன்னா கடையை விட்டு எறங்கச் சொல்லுவே."

"ஆமா, சொல்லுவேன். எறங்குங்க."

"எறங்கிட்டேனே. நீ கையைத் தட்டுன உடனே எறங்கிட்டேன்" என்று பெஞ்சைக் காட்டினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

வயிற்றெரிச்சல் பிடித்த அந்த டாக்டர்தான் சோதனைகளை எல்லாம் பார்த்துவிட்டு, என்னை மட்டும் தனியாக உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். போன ஞாபகம் திரும்பாது, மறதி மெதுவாகக் கூடும் என்றார். இவரைப் போலவே மருந்துப் படிப்புப் படித்த என் நாத்தனார் வந்து மருந்து எடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டாள். இவர் பெஞ்சோடு சரி. கவரின் பின்பக்கம் இப்போது வெறுமையாகத்தான் போகிறது. லாண்டரிக்காரர் முதல் தடவை அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

வாத்தியார் தினமும் வருகிறார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னதான் சொல்லுய்யா, இப்பதான் நல்ல படமா வருது. அந்தக் காலத்துல என்ன எடுத்தான், வெறும் அழுகை" என்று வாய் கூசாமல் சொல்கிறார். சில நாள் இவருக்கு ரோஷம் வந்து பதிலுக்குச் சண்டை போடுவார். சில நாள் சும்மா தலையாட்டுவார். தலையாட்டும் நாட்களில் வாத்தியார் என்னைப் பார்க்க மாட்டார்.

எனக்குப் பயம் போகவில்லை. மாத்திரையைப் பற்றிய பயம் போய், வேறு பயம் வந்து உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்குப் பூட்டுக்காரனை மறக்கிறவர் என்றைக்கு என்னை மறப்பார் என்று ஒவ்வொரு காலையும் அவர் கண் திறக்கும்போது முகத்தைப் பார்க்கிறேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்வரை எனக்கு உயிர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், "என்ன படம் பாக்கலாம்? நல்லதா ஒண்ணு சொல்லேன்" என்று என்னைக் கேட்கிறார். சினிமா பிடிக்காத என்னை!

"பூட்டு ரிப்பேர் பண்றவன் கதையாம். புதுசு. எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க" என்பேன்.

"ஸ்டார் யாரு?"

"ஸ்டார் இல்ல. கதை இருக்காம்."

அது அவருக்குப் பிடிக்கும். போடச் சொல்லி நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். இப்போது நான் தூங்குவதில்லை. எந்த இடத்தில் சாவி விழும், எந்த இடத்தில் இவர் திடுக்கிடுவார் என்று எனக்கு மனப்பாடம். போன வாரம், பூட்டுக்காரன் அந்த அறைக்கதவில் கை வைத்தபோது, இவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்கும்மா. உள்ள என்ன இருக்கும்?"

"நீங்களே பாருங்க" என்றேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லிடாத" என்றார். "கடைசியில என்ன ஆகும்னு மட்டும் என்கிட்ட சொல்லிடாத."