கொயினா வரிசையும் ஆறு மணி ஜெபமும்

ஒரு பெண் கொயினா என்ற மலேரியா மருந்தைத் துப்பியதைப் பார்த்தேன். பார்க்காதவன் போல இருந்துவிட்டேன். பிறகு அவள் உயிருக்குப் போராடியபோது, அவள் தினமும் மருந்து குடித்தவள்தான் என்று டாக்டரிடம் பொய் சொன்னேன். முதல் குற்றத்தை ஜெபத்துக்காகச் செய்தேன், இரண்டாவதைப் பயத்தால்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், மலாயாவில் பெக்கோக்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து கொடுப்பது, மலேரியா பரவாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. விடியுமுன், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் கொயினாத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்து, குடித்ததும் பேரைச் சொல்லச் சொல்ல வேண்டும். வாயில் அடக்கி வைத்திருப்பவரால் பேச முடியாது.

அந்த வரிசை முடிய ஆறரை ஆகும். எங்கள் வீட்டிலோ ஆறு மணிக்குக் குடும்ப ஜெபம். அது ஒருநாளும் தவறாத வீடு என்று உபதேசியார் போகிற தோட்டங்களிலெல்லாம் சொல்வார். அந்தப் புகழ் எனக்கு இனித்தது. பேர் கேட்பதை விட்டேன். ஊற்றினேன், அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

துப்பிய அந்தப் பெண் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், ஐந்து மாதக் கர்ப்பிணி, வாய்த்துடுக்கானவள். "வெரசா ஊத்துங்க ஐயா, ஒங்க சாமி கடியாரத்தப் பாத்துக்கிட்டு நிக்கும்" என்பாள். வரிசை சிரிக்கும். வாளியோடு நகர்ந்து மரத்தடியில் துப்புவாள். ஒருநாள் துப்பிவிட்டு நிமிர்ந்தவள் நான் பார்ப்பதைப் பார்த்தாள். நான் வீட்டுக்கு நடந்தேன். அன்று ஜெபத்தில் வேதத்திலிருந்து சங்கீதம் வாசித்ததும் நான்தான்.

மழை மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் பிதற்றினாள். வாயில் ஊற்றிய மருந்தெல்லாம் வாந்தியாக வந்தது. வாரம் ஒருமுறை வரும் டாக்டர் அன்று வந்தார். தினமும் கொயினா குடித்தாளா என்று கேட்டார். அவள் புருஷன் கட்டிலருகே நின்றான். தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரிந்தால் வேலை போகும், வீடு போகும், உபதேசியார் காதுக்கும் எட்டும். குடித்தாள் என்றேன். அப்படியானால் இது மலேரியாவாக இராது, குடல் காய்ச்சலாக இருக்கலாம், கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடு என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த தோட்டத்துக்குப் போனார்.

டாக்டரின் உத்தரவில்லாமல் கொயினா ஊசி போட முடியாது. உத்தரவு கேட்டால் பொய் வெளிவரும்.

முழங்காலிட்டேன். நான் யாரிடம் பேச வந்தேனோ அவர் பெரட்டுக் களத்திலும் நின்று என்னைப் பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அது ஆறுதலாக இல்லை.

எழுந்து ரயில் பாதை ஓரமாக ஓடினேன். புலி நடமாடும் இடம். எனக்கு டாக்டரின் முகம்தான் பயமாக இருந்தது. அடுத்த தோட்டத்தில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் கத்தவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, ஊசிப் பெட்டியை எடுத்து எழுந்தார்.

அவள் பிழைத்தாள். வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை.

துரை திட்டியதோடு விட்டார். ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய், அவள் புருஷனிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"தெரியும்யா. அவ துப்புறத நானும்தான் பாத்தேன். டாக்டர் கேக்கறப்ப அவ குடிச்சான்னு நீங்க சொன்னீங்க. படிச்சவரு, ஏதோ காரணமாத்தான் சொல்றாருன்னு சும்மா நின்னுட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவன் நிமிரவில்லை, கத்தி கல்லில் உரசிக்கொண்டே இருந்தது.

மறுநாள் முதல் பேர் கேட்டேன். வீட்டு ஜெபம் ஏழு மணிக்குத் தள்ளிப்போனது; உபதேசியார் எங்களை உதாரணம் காட்டுவதை நிறுத்தினார். ஒவ்வொரு கோப்பையை ஊற்றும்போதும், கர்த்தாவே, நீர் இதைப் பார்க்கிறீர் என்று மனதுக்குள் சொன்னேன். எனக்கு வாய்த்த ஆராதனை அதுதான். அதில் பயமே அதிகம்.

இரண்டு மாதம் கழித்து அவள் வரிசைக்கு வந்தாள்.

"இன்னிக்கு அவசரமில்லியா ஐயா?" சிரிப்பில்லை.

"இல்லம்மா."

குடித்தாள், பேர் சொன்னாள். அடுத்து அவள் புருஷன். குடித்தான், பேர் சொல்லவில்லை. வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கி, நான் லாந்தரை உயர்த்திப் பார்க்கும்வரை நின்றான். அங்கே நான் இருந்த அடுத்த ஒன்பது வருஷமும் அப்படியே நின்றான். ஒவ்வொரு காலையும் பார்த்தேன்.