சாத்தான்குளத்து இலை

நகப்பூச்சு போட்டால் ஒளு நிறைவேறாது. மேலப்பாளையத்தில் இது எந்தப் பெண் பிள்ளைக்கும் சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். தொழுகைக்கு முன்னால் முகம், கை, கால் கழுவுவதுதான் ஒளு. நகத்தின் மேல் பூச்சு தோல் மாதிரிப் படிந்திருந்தால் தண்ணீர் நகத்தைத் தொடாது. அதனால் தொழுகை இல்லாத மாதாந்திர நாட்களில் மட்டும் போட்டுக்கொண்டு, தலைக்குக் குளிக்கிற அன்று ரிமூவர் வைத்துத் தேய்த்து அழிப்போம். எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எப்போது என்று நகத்தைப் பார்த்தே தெருவுக்கே தெரிந்துவிடும். எனக்கு அது மகா எரிச்சல். ஆனாலும் போடாமல் இருந்ததில்லை. எனக்கு அந்த ஆசை அப்படி.

போட்டு அழித்து, போட்டு அழித்து, நகமெல்லாம் மஞ்சள் பாரித்துப் போனது. நுனி வெங்காயத் தோலாகப் பிரிந்தது. நான் வீட்டில் வைத்து ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிறவள். பட்டுத் துணியைத் தடவினால் நகம் நூலில் மாட்டி இழுத்துவிடும். துணி கொடுத்தவளுக்கு யார் பதில் சொல்வது? கடைப் பூச்சை நிறுத்தினேன். நிறுத்தினேனே தவிர, வெறும் நகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அப்போதுதான் மைனி சொன்னாள், நாமே ஏதாவது செய்து பார்ப்போம் என்று. மைனி என்றால் என் அண்ணன் மனைவி. அதற்கு முன்னால் அவள் எனக்குக் கல்லூரித் தோழி. ஒரே பெஞ்சு. அவளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரவேண்டும் என்று உம்மாவிடம் அடம்பிடித்ததே நான்தான். அண்ணன் குடும்பம் மாடியில், நாங்கள் கீழே. இரண்டு வீட்டுக்கும் நடுவில் கதவு சாத்திய நாளே கிடையாது.

முதலில் பீட்ரூட் சாற்றில் கருவேலம் பிசினைக் கரைத்துப் பூசினோம். பளபளவென்று அவ்வளவு அழகு. மதியம் லுஹர் தொழுகைக்கு ஒளு செய்தபோது மொத்தமும் கரைந்து சாக்கடைக்குப் போய்விட்டது. அடுத்து தேன்மெழுகை உருக்கித் தேங்காய் எண்ணெயோடு கலந்தோம். அதில் தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் உருளுகிற மாதிரி உருண்டது. கடைப்பூச்சைத் திட்டிவிட்டு அதையே வீட்டில் செய்திருக்கிறோம் என்று மைனி சிரித்தாள். செம்பருத்திப் பூவை அரைத்துப் பார்த்தோம். நல்ல நிறம்தான், ஆனால் சோப்பு பட்டதும் நீலம் பாய்ந்து பிரேதத்தின் நகம் மாதிரி ஆனது. என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை வாங்கும்போது என் கையைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு நானே போட்டுக்கிடுதேன்" என்றார்.

கடைசியில் எங்களுக்குப் புரிந்தது இதுதான்: நிறம் நகத்தின் மேல் உட்காரக் கூடாது, உள்ளே இறங்க வேண்டும். அப்படி இறங்குவது மருதாணி இலை ஒன்றுதான். சரி, அதையே நகத்துக்கென்று பக்குவப்படுத்துவோம் என்று உட்கார்ந்தோம். எலுமிச்சம்பழம் பிழிந்தால் நிறம் கூடியது, ஆனால் நகம் வறண்டது. அதை விட்டுவிட்டுக் கடுந்தேயிலைச் சாயமும் வெற்றிலைக் கடையில் வாங்கிய காசுக்கட்டியும் சேர்த்தோம். துணியில் வடிகட்டி, வண்ணார்பேட்டையில் வாங்கிய சின்ன டப்பாக்களில் அடைத்தோம். வைத்து எடுத்தபின் விளக்கெண்ணெயைச் சூடு காட்டி நகக்கண்ணில் தேய்ப்பது. அவ்வளவுதான் எங்கள் வைத்தியம். கொஞ்ச நாளில் என் நகம் பிரிவது நின்றது. நகம் இளஞ்சிவப்பாக, நல்லபடியாக வளர்ந்தது. துணி கொடுக்க வருகிற பெண்கள் கேட்டார்கள், கொடுத்தோம். கல்யாண வீடுகளிலிருந்து ஆள் வந்தது. எல்லாரிடமும் நான் சொன்னது ஒன்றுதான்: "தைரியமா வைங்க. ஒளுவும் கூடும், ஒடம்புக்கும் ஒண்ணும் செய்யாது. என் கையப் பாருங்க." என் கைதான் விளம்பரப் பலகை.

நிறம் போதாது என்பதுதான் மைனியின் குறை. எங்களுடையது ஆரஞ்சு, மிஞ்சினால் செங்கல் நிறம். இன்றைய கல்யாணப் பெண்கள் போனில் படத்தைக் காட்டி, கறுத்த சிவப்பு வேண்டும் என்கிறார்கள். "இப்படியே போனா மருதாணிக் கோன் விக்கவன்ட்ட போயிருவாளுவ" என்று மைனி புலம்புவாள். கோனில் என்ன கலக்கிறான் என்று யாருக்குத் தெரியும், அதற்காகத்தானே நாம் இதைச் செய்கிறோம் என்பேன் நான்.

ஒரு பெருநாளுக்குச் சாத்தான்குளத்தில் தாய் வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள், ஒரு பை நிறைய இலைப்பொடி கொண்டுவந்தாள். "எங்க ஊர்த் தேரிச் செம்மண்ணுல வெளைஞ்ச எலைட்டி. தண்ணி காணாத எலைக்குச் சாயம் கூட. போட்டுப் பாரு" என்றாள். அதை நம்பாமல் எப்படி இருப்பேன்? இந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்வதுதானே. எங்கள் ஆற்றுப் பாசனத்து இலை தண்ணீர் குடித்துக் கொழுத்தது, அவர்கள் பனங்காட்டு இலை சின்னது, சாயம் கெட்டி. பொடியை அவளே குழைத்தாள். வைத்து ஒரு மணி நேரத்தில் கழுவினேன். கறுத்த சிவப்பு. நகத்தின் ஓரம்வரை ஒரே சீராக.

நானே ஊருக்கெல்லாம் சொன்னேன், சாத்தான்குளத்து இலை என்று. துணி வெட்டிக்கொண்டே பெருமை பேசினேன். என் தோழி ஊர் இலையாயிற்றே.

இரண்டாம் தடவை வைத்தபோது விரல் நுனி அரித்தது. மூன்றாம் தடவை கை வீங்கியது. நகத்தைச் சுற்றிக் கொப்புளம் கட்டி உடைந்து நீர் வடிந்தது. ஊசியைப் பிடிக்க முடியவில்லை, சோற்றைப் பிசைய முடியவில்லை. ஒளு செய்யத் தண்ணீர் பட்டாலே உயிர் போனது. பிள்ளைகளின் பெருநாள் துணிகள் வெட்டியபடியே கிடந்தன. பாளையங்கோட்டையில் ஒரு தோல் டாக்டரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனது மைனிதான். ஆட்டோவில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு, என் முந்தானையையும் அவளே சரிசெய்துவிட்டாள்.

டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு முன்னால எதுவும் ஒத்துக்காமப் போயிருக்கா?" என்று கேட்டார். போயிருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் முதல் நரை வந்தபோது ஒரு பாக்கெட் கறுப்பு டைப்பொடியைக் குழைத்துத் தலையில் போட்டு, மறுநாள் கண் திறக்க முடியாமல் முகம் பூசணிக்காயாக வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்தப் பொடி இனி ஜென்மத்துக்கும் உடம்பில் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போதும் என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தவள் மைனிதான். இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னேன்.

"இந்த மருதாணில டை எதுவும் கலந்திருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமா இல்ல டாக்டர். எல்லாம் நாங்க வீட்ல செஞ்சது" என்றேன்.

டாக்டர் மைனியைப் பார்த்தார். மைனி சொன்னாள்: "எலையும் தேயிலையுந்தான் டாக்டர்."

அப்படியானால் இலையே உங்களுக்கு ஆகவில்லை, இனி மருதாணிப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லி மருந்து எழுதினார். பிறந்த குழந்தையாக இருந்தபோதே என் உள்ளங்கையில் வைத்த மருதாணி. ஆகாது என்றால் ஆகாதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பினேன். அரைக்கிற வேலையை மைனி தனியாகப் பார்த்துக்கொண்டாள்.

தச்சநல்லூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகளின் கல்யாணத்துக்கு எங்களிடம் வாங்கியவர். மகளுக்கு விரலெல்லாம் புண், மாப்பிள்ளை வீட்டில் தொற்று வியாதியோ என்று கேட்கிறார்கள் என்று சொல்லிக் கண் கலங்கினார். நான்தான் பதில் சொன்னேன். கட்டுப் போட்ட என் கையைக் காட்டி, "எலதாங்கம்மா. சில ஒடம்புக்கு ஒத்துக்கிடாது. எனக்கே இப்படி ஆயிட்டுது பாருங்க" என்றேன். என் கையைப் பார்த்துத்தான் அவர் சமாதானமானார். மைனி மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

பிறகு அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாடியில் பந்தல் போட்டு, வீடு கொள்ளாத கூட்டம். பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை தாவணி நான் தைத்தது, பாதி ஆறிய கையோடு. அவளுக்கு வளையல் மாட்டிவிடும்போது கையைப் பார்த்தேன். நகமெல்லாம் வெளிறிய ஆரஞ்சு. எங்கள் ஆரம்ப காலத்து நிறம்.

"ஏட்டி, ஊருக்கெல்லாம் செவக்கச் செவக்கக் குடுத்துட்டு, கல்யாணப் பொண்ணுக்கு ஒங்க உம்மா எலைப் பஞ்சம் பாத்துட்டாளா?" என்று கேலி செய்தேன்.

அவள் ஒளிக்கத் தெரியாத பிள்ளை. "எனக்கு உம்மா தனியா பச்சை எல அரைச்சா, மாமி. அந்த டப்பாவத் தொடவே கூடாதுன்னு சொல்லிருக்கா. அதுல டைப்பொடி கெடக்குல்லா. ஒங்களுக்குத் தெரியுந்தான?"

வளையலை மாட்டி முடித்தேன். எழுந்து மைனியைத் தேடிப் போனேன். அடுப்படியில் பிரியாணிச் சட்டியின் தம்மைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாத்தான்குளத்து எலைல டைப்பொடி கெடக்காமே" என்றேன்.

திரும்பி என் முகத்தைப் பார்த்தவள் மறுக்கவில்லை. "பைய பேசு. ஆளுவ இருக்கு" என்றாள். "கொஞ்சூண்டுதான் போட்டேன். நெறம் வேணும்னு எல்லாவளும் கேக்காளுவளே, நான் என்ன செய்ய? நீ ஒத்துக்கிட மாட்டேல்லா."

"எனக்கு ஆகாதுன்னு ஒனக்குத் தெரியும்லா. நீதான கூட இருந்த."

"தலையிலதான் ஆகாது, நகத்துல பட்டா ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன்."

"சரி, நெனச்ச. டாக்டர் கேக்கும்போது ஏன் வாயத் தொறக்கல? நான் சத்தியம் பண்ணுனேனே, பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"அப்பச் சொல்லிருந்தா நீ என்ன விட்டுட்டுப் போயிருப்ப" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை, அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கூட்டியது. என்னை இழக்கப் பயந்தவளுக்கு என் கை அழுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடிந்திருக்கிறது.

அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே வந்தாள். தன் மகளுக்கும் அடுத்த வாரம் நிச்சயம், ஒரு டப்பா வேண்டும் என்றாள். என்னிடம் திரும்பி, "நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும் லாத்தா, கண்ண மூடிட்டு வச்சிருவேன்" என்றாள். மைனி என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை கெஞ்சியது. என் மகள் விசேஷம் முடியட்டும் என்றது.

"வச்சிராத. அதுல தலைக்குப் போடுத டைப்பொடி கலந்திருக்கு. என் கை இப்படி ஆனது அதுலதான்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள் அறைக்குப் போனாள். பந்தி நடந்தது, மோதிரம் போட்டார்கள், யாரும் என்னோடு பேசவில்லை. மறுநாள் தச்சநல்லூருக்குப் போய் அந்த அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. அதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்தால் நடுக்கதவு சாத்தியிருந்தது. சாயங்காலம் அண்ணன் கீழே இறங்கி வந்தான், வாசலிலேயே நின்றான்.

"விசேஷ வீட்ல வச்சு அவள இப்படிக் கேவலப்படுத்திட்டியே. ஒனக்குக் கூடப்பெறந்த பாசமே இல்லையாட்டி?"

அவனுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்தேன். பாவம், பெண்டாட்டி அழுதால் எந்த ஆண்தான் விசாரிப்பான் என்று அவனுக்காக நானே நியாயம் கற்பித்துக்கொண்டேன். அதனால் கோபப்படாமல், பொறுமையாகவே சொன்னேன்: "என்ட்ட ஒண்ணும் கேக்காத. ஒம் மகளுக்கு மட்டும் ஏன் அத வைக்கலன்னு ஒம் பொண்டாட்டிட்ட போய்க் கேளு."

"அவகிட்ட என்ன கேக்க?" என்றான் அண்ணன். "அந்த டைப்பொடிய வாங்கிட்டு வந்து குடுத்ததே நாந்தான். பிள்ளைக்கு வச்சிராதன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்."