கூப்பிடாத கல்யாணத்தில் முன்வரிசை

ரேடியோவில் மட்டுமே கேட்டிருந்த என் அபிமான நாதஸ்வர வித்வான், பரமத்தி வேலூரில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்க வந்தார். "கூப்பிடாத கல்யாணத்துக்குப் பொம்பளை தனியாப் போறதா?" என்றார் என் கணவர். நான் மேட்டூரிலிருந்து முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன்.

பெண் வீட்டார் கேட்டபோது மாப்பிள்ளை வீடு என்றேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது பெண் வீடு என்றேன். அதுதான் தப்பு. தோடி ராகத்தின் நடுவில் சம்பந்தியம்மாக்கள் இருவரும் சேர்ந்தே வந்து நின்றார்கள்.

"நீங்க யாரு ஊட்டுங்க?"

நான் முன்வரிசையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "யாரு ஊடும் இல்லீங்க. வாசிப்பைக் கேக்க வந்தேன். இந்த ராகம் முடியட்டும், போயிடறேன்."

பெண்ணின் அம்மா சிரித்துவிட்டார். "இவ்வளவு பெரிய வித்வானைக் கூட்டியாந்தும் ஒருத்தரும் காது குடுக்கலீங்க. நீங்க உக்காருங்க சாமி."

இப்போதும் கூப்பிடாத கல்யாணங்களுக்குத் தனியாகத்தான் போகிறேன். வாசலில் சந்தனம் நீட்டும்போதே சொல்லிவிடுகிறேன்: "எனக்கு இங்க யாரையும் தெரியாதுங்க. நாதஸ்வரத்துக்குப் பக்கமா ஒரு இடம் காட்டுங்க."