கதவின் பின்பக்கம் நூற்று நான்கு

எங்கள் வீட்டில் மாதா சுரூபத்தின் காலடியில் எப்போதும் ஒரு சாக்கட்டி இருக்கும். மூன்று ராஜாக்கள் திருநாளன்று சாமியார் மந்திரித்துக் கொடுப்பது. அதைக்கொண்டு அப்பா வாசல் நிலையின்மேல் சிலுவையும் வருஷமும் எழுதுவார். அடுத்த திருநாள்வரை அதை யாரும் துடைக்கக் கூடாது. கடல் கடந்து வந்து நாங்கள் குடியேறிய ஜார்ஜ் டவுனில் எங்கள் சந்துக் கிறிஸ்தவ வீடுகளில் அதுதான் வழக்கம்.

அந்தச் சாக்கட்டியால்தான் அக்கா படுக்கையறைக் கதவின் பின்பக்கம் மார்க் கணக்குப் போட்டாள். வீட்டில் வேறு சாக்கட்டி இல்லை. கன்னியர் பள்ளியில் அவளுக்கு அது கடைசி வருஷம். நான்கு பாடங்களிலும் சராசரி எழுபத்தைந்து வந்தால் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரியில் இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். வராவிட்டால் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியான அப்பாவால் மேலே படிக்கவைக்க முடியாது. ஆக மொத்தம் முந்நூறு வேண்டும். இங்கிலீஷ் எழுபத்திரண்டு, பூகோளம் எழுபத்தெட்டு, சரித்திரம் எழுபது, கணிதம் எண்பது என்று அவளே பங்குபோட்டு எழுதினாள்.

வாரத்துக்கு ஒரு பரீட்சை. மார்க்கும் அந்தந்த வாரமே வந்துவிடும். இங்கிலீஷில் எழுபத்திரண்டு வந்தது. பூகோளத்தில் எழுபத்தெட்டு. கூடவுமில்லை, குறையவுமில்லை. அக்கா குதித்தாள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, "மந்திரிச்சதுல வெளையாடாதடி" என்றார். அன்று மாலையே ஈரத்துணியோடு துடைக்கப் போனவர், சரித்திரத்தின் எழுபதை அழித்ததோடு நிறுத்திவிட்டார். திருநாள் வராமல் துடைக்கலாமா என்ற பயம்.

சரித்திரத்தில் நாற்பத்தாறு வந்தது.

அக்கா மறுபடி கழித்துப் பார்த்தாள். கணிதத்துக்கு மிச்சம் நூற்று நான்கு. எண்பதை உள்ளங்கையால் தேய்த்துவிட்டு அதையே எழுதினாள்.

"நூத்துக்கு மேல ஏதுக்கா மார்க்கு?" என்றேன்.

"எழுதினா வருது லா. நீயும் பாத்தேதானே?"

அப்பா சிரித்துவிட்டார். "நூத்திநாலுன்னா அது மார்க்கு இல்லம்மா, காய்ச்சலு!" எல்லோரும் சிரித்தோம், அக்காவும்தான்.

கணிதப் பரீட்சைக்கு முந்தின நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் அவள் வாயிலிருந்த கண்ணாடிக் குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நூற்று நான்கு" என்றார். அப்பா கதவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். "பாத்தியா, வந்துருச்சு." மறுநாள் மற்றப் பிள்ளைகள் கணிதம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் உயிர் போனது. அடுத்த திருநாள்வரை அம்மா அந்தக் கதவைத் தொடவில்லை. அந்த அறையில்தான் நான் தூங்கி எழுந்தேன்.

அதே வீட்டில்தான் இன்றும் இருக்கிறேன். கதவுக்குப் பலமுறை சாயம் பூசியாகிவிட்டது. என் மகளுக்கு இப்போது அக்காவின் வயது. பெரியம்மா காய்ச்சலில் போனாள் என்பதற்குமேல் அவளிடம் நான் எதுவும் சொன்னதில்லை. போன வாரம் அந்தக் கதவைச் சாத்தியபோது பின்பக்கம் நான்கு பாடங்களும் நான்கு எண்களும் இருந்தன.

"எதுல எழுதினே?"

"மாதாகிட்ட இருந்த சாக்கட்டிதாம்மா. வெறும் கணக்குதானே, ஏன் இப்படி முழிக்கிறீங்க?"

பெற்ற பிள்ளைக்கு ஒரு மார்க்காவது பிசக வேண்டும் என்று வாரம் முழுக்க ஜெபித்தேன். இன்று இங்கிலீஷ் மார்க் வந்தது. எழுதியபடியே எண்பத்தொன்று.

ஈரத்துணியோடு கதவின்முன் வெகுநேரம் நின்றேன். துடைத்தாலும் பயம், விட்டாலும் பயம். கடைசியில் சாக்கட்டியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டதுதான் என்னால் முடிந்தது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அறையிலிருந்து மகள் குரல் கொடுக்கிறாள்.

"அம்மா, சாக்கட்டி எங்கம்மா? மத்ததையெல்லாம் கொஞ்சம் கூட்டி எழுதலாம்னு பாத்தேன்."