முப்பத்தேழாம் நம்பர் போத்தல்

ஜோசப்பின் முப்பத்திரண்டு வருடம் ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். மருந்துக்கென்று டிஸ்பென்சரி வாசலில் நின்றதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. காய்ச்சலோ இருமலோ, இலையை அவித்துக் குடித்துவிட்டு மலைக்கு ஏறிவிடுவாள்.

அவள் கணவர் ஒஸ்வல்டுக்கு நாக்கின் அடியில் புற்று வந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள்; கதிர்ச் சிகிச்சைக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். பதினாறாவது தடவையோடு வாய் முழுக்க வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. தண்ணீர் இறங்கவில்லை. வாய் ஆறினால்தான் மீதிக் கரண்ட் என்று டொக்டர் நிறுத்திவைத்தார்.

பூஞ்சைக்குச் சொட்டு மருந்து இருந்தது. அதே கிளினிக்கில் கொப்பளிக்கும் மூலிகைத் தண்ணீர் ஒன்றையும் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். விரும்பியவர்கள் சொட்டு மருந்துக்குப் பதிலாக அதில் சேரலாம். “இலை மருந்துதாங்க நமக்குச் சரி,” என்றாள் ஜோசப்பின். ஒஸ்வல்ட் கையெழுத்துப் போட்டார். முப்பத்தேழாம் நம்பர் போத்தல் கிடைத்தது. ஒரு நாளைக்கு மூன்று வேளை, இரண்டு வாரம்.

“ஃபெக்டரி கழுவின தண்ணி மாதிரி மணக்குது,” என்றார், முதல் தடவை துப்பிவிட்டு.

“உங்களுக்கு பன்னீரா குடுப்பாங்க? இந்தாங்க.”

கசாயம் கொடுத்தால் கையோடு ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டி கொடுப்பது லயத்து வரிசையில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அவர் வாங்கி வாயில் அடக்கிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து நாக்கைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தார்கள். அடுத்த கிழமை, பரிசோதனையைப் பார்த்துக்கொண்டிருந்த ஷிரானி முடிவோடு வந்து உட்கார்ந்தாள். பூஞ்சை முந்தியதைவிடக் கூடியிருந்தது.

“ஒழுங்கா கொப்பளிச்சாரா அம்மா?”

“ஒரு வேளை தவறல மிஸ். நானே பக்கத்துல நின்னு பாத்தேன்.”

“அப்புறம் அரை மணித்தியாலம் வாயில ஒண்ணும் போடலதானே?”

“ஒண்ணுமில்ல. கருப்பட்டி மட்டும்.”

ஷிரானி எழுதுவதை நிறுத்தினாள். “இனிப்புத்தாம்மா பூஞ்சைக்குச் சாப்பாடு. மொத நாளே சொன்னோமே.”

“சீனி வேணாம்னீங்க. தேத்தண்ணிக்குக்கூட போடல. இது மருந்தோட குடுக்கிறதுதானே.”

ஷிரானி பட்டியல் தாளை எடுத்தாள். முப்பத்தேழுக்குக் குறுக்கே கோடு போட்டாள்.

“அப்ப அந்த மருந்து நல்ல மருந்தா மிஸ்?”

“இவரை வச்சு அதைச் சொல்ல முடியாதும்மா.”

உள்ளே ஒஸ்வல்டின் நிறை பார்த்தார்கள். முப்பத்தெட்டுக் கிலோ. இந்த உடம்பில் இனிக் கரண்ட் வைக்க ஏலாது என்று டொக்டர் சொன்னார். சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார்.

மாத்தளையில் மாறி ரத்தோட்டை பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“ஒரு நாளாவது கருப்பட்டி வேணாம்னு சொல்லியிருக்கலாமில்ல.”

அவருக்கு நாக்கைப் புரட்ட நேரம் எடுத்தது. “கரண்ட் வச்சதுல இருந்து எனக்கு இனிப்பும் தெரியல, கசப்பும் தெரியல.”

“அப்ப ஏன் வாங்கித் தின்னீங்க?”

“நீ நீட்டிக்கிட்டே நின்ன.”

சொட்டு மருந்து அவள் மடியில் இருந்தது. எத்தனை நாளைக்கு என்று சீட்டில் எழுதவில்லை.