டவர் பாறையில் எடுத்த இன்டேக்

நடந்ததை முதலில் நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

1. காலை பத்து மணிக்குக் கல்வராயன் மலையிலிருந்து ஒரு தம்பதி வீடியோவில் வந்தார்கள். கணவர் கோவிந்தன், மனைவி அலமேலு. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.
2. இருபத்தைந்து நிமிடம் இருவரிடமும் சேர்த்துப் பேசினேன்.
3. கணவரை எழுந்து போகச் சொல்லிவிட்டு மனைவியிடம் தனியாகப் பேசினேன். நடுவில் இரண்டு முறை லைன் போனது.
4. சாக வேண்டும் என்று எண்ணம் வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். 'இல்லை' என்று குறித்தேன்.
5. மனைவியை அனுப்பிவிட்டுக் கணவரிடம் தனியாகப் பேசினேன்.
6. மனைவிக்கு அப்படி ஏதும் எண்ணம் இருப்பதாகத் தோன்றுகிறதா என்று அவரிடமும் கேட்டேன்.
7. "அதான் இல்லைன்னு சொல்லுச்சேங்க" என்றார்.

ஏழாவதில் என் விரல்கள் கீபோர்டிலேயே நின்றுவிட்டன. அலமேலு அதைச் சொன்னது என்னிடம். தனியாக.

என் வேலையைச் சொல்ல வேண்டும். எங்கள் மையம் மனநல சிகிச்சையை வீடியோவில் தருகிறது. மருத்துவமனையில் சேரும் அளவுக்கு இல்லை, ஆனால் வாரம் ஒரு கவுன்சிலிங் போதாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு வாரம் நான்கு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், எட்டு வாரம். இதை இன்டென்சிவ் என்போம். கணவன் மனைவியாகவும் சேரலாம். சேர்ப்பதற்கு முன் செய்யும் மதிப்பீடுதான் இன்டேக். உளவியலில் எம்.எஸ்சி. முடித்து இந்த வேலைக்கு வந்தேன். தியாகதுருகத்திலிருந்து பஸ்ஸில் வந்து, கள்ளக்குறிச்சியில் ஒரு செல்போன் கடையின் மாடியில், ஹாரன் சத்தம் நேராக உள்ளே வரும் அறையில் உட்கார்ந்து இன்டேக் எடுக்கிறேன்.

படிவம் நான் வடிவமைத்தது. அறுபத்திரண்டு வரி. கடைசியில் மூன்று பெட்டி: வாரக் கவுன்சிலிங், இன்டென்சிவ், உடனே மருத்துவமனை. ஏதாவது ஒன்றில்தான் டிக் விழும். அந்தப் படிவத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

இவர்களை அனுப்பியவர் அந்தப் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியர் தனலட்சுமி. அலமேலுவுக்கு இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே தவறிவிட்டன. இரண்டாவது எட்டாம் மாதத்தில். அதன்பின் மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை, வீட்டில் பேச்சும் இல்லை. மிளகு பறிக்கக் குடகுக்குப் போயிருந்த கோவிந்தன் திரும்பி வந்தவர், மறுபடி போகவில்லை.

அவர்கள் ஊரில் சிக்னல் ஒரே இடத்தில்தான் கிடைக்கும். ஊர்க்காரர்கள் அதை டவர் பாறை என்கிறார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே ஃபோன். பாறையில் ஏறி உட்கார்ந்து, ஒரு கல்லில் ஃபோனைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

சேர்ந்து பேசிய பகுதி நன்றாகவே போனது. சிகிச்சைக்கு வீட்டில் தனி அறை உண்டா என்பது ஒன்பதாவது வரி.

"ஒரே ரூமுங்க. அதுலயும் பாதி மக்காச்சோள மூட்டை" என்றார் கோவிந்தன்.

"மீதி பாதில இவுரு" என்றார் அலமேலு.

"பாத்தீங்களா மேடம், உங்ககிட்ட நல்லாத்தான் பேசுது. எங்கிட்டதான் கம்மி."

நானும் சிரித்தேன். பிறகு கோவிந்தனைக் கீழே அனுப்பிவிட்டுப் பதினான்காம் வரிக்கு வந்தேன்: ஹெட்செட் அணிந்திருக்கிறாரா? வெளியே இருப்பவர்கள் காதில் என் கேள்விகள் விழக்கூடாது என்பதற்காக நானே சேர்த்த வரி அது. அலமேலு காதோர முடியை ஒதுக்கி, வயர் இல்லாத, வெள்ளையான ஒரு சின்ன இயர்பட்டைக் காட்டினார். டிக். ஃபோனை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொன்னேன். பாறைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி கோவிந்தன் உட்கார்ந்திருந்தார். டிக்.

இயர்பட்ஸ் இரண்டாகத்தான் வரும். அது எனக்குத் தோன்றவில்லை.

ஏழாவதுக்குத் திரும்புகிறேன். "அவங்க இல்லைன்னு சொன்னது உங்களுக்கு எப்படித் தெரியும், அண்ணா?" என்று கோவிந்தனிடம் கேட்டேன்.

கோவிந்தன் துண்டை இழுத்தார். கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் மற்றொன்று இருந்தது.

"கேக்கணும்னு கேக்கலைங்க. பாட்டு கேக்கறப்ப அதுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. இன்னிக்கும் அப்படியே காதுல இருந்துபோச்சு."

"கழட்டியிருக்கலாமே."

"கழட்டத்தான் போனேன். அப்ப நீங்க அந்தக் கேள்விய கேட்டீங்க, சாவணும்னு தோணிச்சான்னு. அத்த கேட்டுட்டு எப்படிங்க கழட்டுறது?"

படிவத்தில் அதுவரை குறித்ததை மேலிருந்து திரும்பப் படித்தேன்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் அந்தக் கருவியில் அலமேலுவின் குரல் அவருக்குக் கேட்டிருக்காது. என் குரல் மட்டும்தான். ஆனால் எனக்கு ஒரு பழக்கம்: ஒவ்வொரு பதிலையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்வேன். வகுப்பில் அப்படித்தான் பழகினோம். "தூக்கம் இல்லைன்னு சொல்றீங்க." "வீட்டுக்காரர்கிட்ட பேசப் பிடிக்கலைன்னு சொல்றீங்க." "அந்த மாதிரி எண்ணம் இல்லைன்னு குறிச்சுக்கறேன்." அவர் மனைவியின் இன்டேக்கை அவர் காதில் ஓதியது நான்தான்.

உடனே தோன்றிய அடுத்த கேள்வி என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது. எப்போதும் ஆளுக்கு ஒன்று என்றால், மற்றொன்று அவர் காதில் இருந்தது அலமேலுவுக்கும் தெரியும்தானே? அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டே சொன்ன 'இல்லை'யை நம்பித்தான் நான் முதல் பெட்டியில் டிக் செய்ய இருந்தேன்.

அடுத்த தம்பதி வெயிட்டிங் ரூமில் வந்துவிட்டதாகத் திரையில் பச்சைப் புள்ளி காட்டியது. அவர்களுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். கோவிந்தனிடம் அலமேலுவைக் கூப்பிட்டு இரண்டையும் அவரிடமே கொடுக்கச் சொன்னேன். ரோடு வரைக்கும் போங்க, நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றேன். அலமேலு ஃபோனைத் திருப்பிப் பிடித்தார். துண்டு சிறியதாகிக்கொண்டே போய் வளைவில் நின்றது.

"சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

"பதினொண்ணு."

இந்த முறை எதையும் திருப்பிச் சொல்லக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி எதிரில் வைத்துக்கொண்டேன்.

"அலமேலு, முன்னாடி அவர் காதுல ஒண்ணு இருந்தது உங்களுக்குத் தெரியும் இல்லையா?"

"தெரியும்ங்க. எப்பவும் ஆளுக்கு ஒண்ணுதான். இன்னிக்கு மட்டும் திரும்பக் குடுன்னா, இன்னா நெனைச்சுக்கும் அந்த மனுசன்?"

அந்தப் பழக்கம் என் படிவத்தில் எந்த வரியிலும் இல்லை.

"இப்ப அவுருக்குக் கேக்காதில்ல?"

"கேக்காது."

"அப்ப அந்தக் கேள்விய இன்னொரு தபா கேளுங்க."

கேட்டேன். அலமேலு ரோட்டு வளைவை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"இருக்குதுங்க" என்றார்.

"இன்னிக்கு?"

"இன்னிக்குக் காலையிலகூட. நீங்க பத்து மணிக்கு வரச் சொன்னீங்க. அதுக்காவ இருந்தேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் படம் உறைந்தது. பிறகு திரை கறுப்பானது.

அடுத்த இருபது நிமிடத்தில் செய்தவை: அந்த நம்பருக்கு ஆறு முறை அடித்தேன், ஸ்விட்ச் ஆஃப். இன்னொரு நம்பர் இல்லை. இருவருக்கும் ஒரே ஃபோன் என்று ஐந்தாம் வரியில் டிக் செய்து திருப்தியாக நகர்ந்திருந்தேன். எங்கள் மனநல மருத்துவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். செவிலியர் தனலட்சுமியைக் கூப்பிட்டேன். இதோ வண்டி எடுத்துட்டேன் என்று வைத்துவிட்டார். ஏழு அடி எடுத்து வைத்தால் அறை முடிந்துவிடும். அதில் போய் வந்துகொண்டே இருந்தேன். கீழே செல்போன் கடையில் யாரோ ரிங்டோன்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் என் ஃபோனை எடுத்துப் பார்த்தேன்.

கடைசியில் தனலட்சுமி கூப்பிட்டார்.

"இங்கதான் மேடம், பாறை மேலேயே உக்காந்துக்கினு இருக்குது. அவரும் வந்துட்டாரு. வூட்டுக்குப் போலாம் வாம்மான்னா எறங்க மாட்டேங்குது. மேடம் திரும்பக் கூப்புடுவாங்கன்னு சொல்லுது."

"ஃபோனை அவங்ககிட்ட குடுங்க."

அலமேலுவிடம் பேசினேன். மூன்றாவது பெட்டி என்று சொல்லவில்லை. டாக்டர் நேரில் பார்க்க வேண்டும், தனலட்சுமி கூட வருவார், நான் கீழே கள்ளக்குறிச்சியில் காத்திருப்பேன் என்றேன். கோவிந்தனிடம் என்ன சொல்லலாம் என்று கேட்டேன். "நானே சொல்லிக்கறேன்" என்றார். அன்று மாலைக்குள் மருத்துவமனைக்கு வந்தார்கள். மலைப் பஸ்ஸில் அலமேலு கணவரிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இறங்கும்போது கோவிந்தனின் கண்கள் சிவந்திருந்தன. அலமேலுவின் பை அவர் தோளில் இருந்தது.

ஒன்பது நாள் வார்டில் இருந்தபின் இருவரையும் இன்டென்சிவில் சேர்த்தோம்.

நான் கற்றுக்கொண்டதை இளையவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனியாக இருக்கிறீர்களா என்று கேட்பது போதாது. ஹெட்செட் இருந்தால் இரண்டு பக்கமும் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கணவரிடம் இருப்பதைத் திருப்பிக் கொடுக்கும்படி நீங்கள்தான் சொல்ல வேண்டும். மனைவி கேட்டால் கணவர்மேல் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். பதிலைத் திருப்பிச் சொல்லாதீர்கள். இன்டேக் தொடங்கும் முன் இரண்டாவது நம்பர் ஒன்று, பக்கத்து வீட்டுடையதாவது, வாங்கிக்கொள்ளுங்கள். படிவம் இப்போது அறுபத்தைந்து வரி. அதன்மேல் எனக்குப் பழைய கர்வம் இல்லை. ஒவ்வொரு இன்டேக்கிலும் இன்னும் எந்த வரி விட்டுப்போயிருக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்கிறேன்.

இன்றைய நிலை இது. அலமேலு ஐந்தாவது வாரத்தில் இருக்கிறார். முடிந்த பதினாறு அமர்வுகளில் மூன்றுக்கு வரவில்லை. மூன்று நாளும் மலையில் மழை. அந்த எண்ணம் இன்னும் வருகிறது. வந்தால் சொல்கிறார். வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்தெல்லாம் கோவிந்தனின் அண்ணன் வீட்டில் பூட்டியிருக்கிறது. கோவிந்தன் குடகுக்குப் போகவில்லை. தனி அமர்வு தொடங்கும்போது கேட்காமலே தன் காதில் இருப்பதைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு ரோடு வரைக்கும் நடக்கிறார்.

அடுத்த அமர்வு நாளைக் காலை பத்து மணிக்கு.